மெட்ரோ, லிஃப்ட், ஊசி, தெருநாய்: பயத்தைப் படிப்படியாக இறக்கும் முறை – பெங்களூர்த் தமிழர்களுக்கு

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் நம்மிடம் முதல் தீர்ப்பு ‘கேஸ்’. ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம், சோடா வாங்கி வருகிறோம், மனசு கேட்காமல் ஈ.சி.ஜி.யும் எடுக்கிறோம். எல்லாம் நார்மல். ஆனால் அடுத்த வாரமும் அவர் டிரினிட்டியிலேயே மெட்ரோவைவிட்டு இறங்கி ஆட்டோ பிடிக்கிறார். அதற்கடுத்த மாதம் மெட்ரோ பக்கமே போவதில்லை. லிஃப்ட்டுக்குப் பயந்து எட்டு மாடி ஏறுகிறவர், தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு சுற்றிப் போகிறவர், ஊசிக்குப் பயந்து ரத்தப் பரிசோதனையை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர், எல்லாருக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குதான். தவிர்த்தவுடன் நிம்மதி வருகிறது. ‘தவிர்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று அந்த நிம்மதியே மூளைக்குப் பாடம் எடுத்துவிடுகிறது.

இந்தக் கணக்கை உடைக்கும் சிகிச்சைக்கு எக்ஸ்போஷர் என்று பெயர். பயப்படும் விஷயத்தைத் திட்டம் போட்டு, சிறிது சிறிதாக, திரும்பத் திரும்பச் சந்திப்பது. 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்கு இதைச் செய்து பார்த்து எழுதி வைத்தார். பிள்ளை சாப்பிடும் நேரத்தில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாக அருகே கொண்டு வந்தார். நூறு வருடம் கழித்தும் இந்த வகைப் பயங்களுக்கு முதலில் சொல்லப்படும் வைத்தியம் இதுதான். பயம் போகட்டும், பிறகு ஏறலாம் என்று காத்திருப்பவருக்குப் பயம் போவதே இல்லை. ஏறி நின்று, தான் பயந்தது நடக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும்.

முதலில் உடம்பு

முதல் தடவையாக நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், இடது கைக்குப் பரவும் வலி வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயது 40-ஐத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

படபடப்பு அடிக்கடி வருகிறது என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பொது மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே நடுக்கமும் வியர்வையும் வரும். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகும், புதிதாக எந்த அறிகுறியும் இல்லாமல், மாதாமாதம் ஈ.சி.ஜி. எடுப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான். ரிப்போர்ட் தரும் தைரியம் நான்கு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் ‘அப்போ சரியா எடுத்தாங்களா?’ என்று தொடங்கும்.

இதய நோய், வலிப்பு, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீழே வரும் பயிற்சிகளில் இறங்கக் கூடாது. தற்கொலை எண்ணம் வருகிறது, தினமும் குடித்தால்தான் வெளியே போக முடிகிறது, விபத்து அல்லது வன்முறைக்குப் பிறகு தொடங்கிய பயம் என்றால் தனியாக முயல வேண்டாம், நேராக மனநல மருத்துவரிடம் போகவும். எந்த நேரத்திலும் மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மனஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேச வசதி உண்டு.

உங்களுடையது எந்தப் பயம்?

ஒரு குறிப்பிட்ட பொருள் அல்லது இடத்தைக் கண்டு மட்டும் பயம் என்றால் அது ஃபோபியா. நாய், லிஃப்ட், உயரம், இடி, ஊசி எல்லாம் இதில் சேரும். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ போக்குவரத்தையோ கெடுத்தால்தான் அதை நோய் என்று கணக்கில் எடுப்பார்கள். கரப்பான்பூச்சியைப் பார்த்துத் துள்ளுவதற்கெல்லாம் சிகிச்சை தேவையில்லை.

இரண்டாவது வகை பேனிக், அதாவது படபடப்பும் மூச்சுமுட்டலுமாகத் திடீரென்று வந்து தாக்கும் பயம். இங்கே பயம் ரயிலின் மேல் இல்லை, சொந்த உடம்பின் மேல். ‘மறுபடியும் அந்த மாதிரி வந்துவிடுமோ, வந்தால் வெளியே ஓட முடியாதே’ என்பதுதான் கவலை. அதனால்தான் மெட்ரோ, சினிமா தியேட்டர், சில்க் போர்டு டிராஃபிக், கல்யாண மண்டபத்தின் நடு வரிசை எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. பேனிக் சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கும். அந்தப் பத்து நிமிடம் உயிரே போகிற மாதிரிதான் இருக்கும், ‘சும்மா மனப்பிரமை’ என்று யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

கூட்டத்தில் பேசப் பயப்படுவது, எல்லாவற்றுக்கும் ஓயாமல் கவலைப்படுவது ஆகியவை வேறு வகைகள். அடிப்படை முறை பொருந்தும் என்றாலும் அவற்றுக்கு ஒரு நிபுணரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. ஊசி, ரத்தம் பயம் மட்டும் தனி ரகம், அதற்குக் கீழே தனி இடம் கொடுத்திருக்கிறோம்.

ஊன்றுகோல்களைக் கண்டுபிடியுங்கள்

பலர் ‘நான் தினமும்தான் மெட்ரோவில் போறேன், பயம் போகலையே’ என்பார்கள். எப்படிப் போகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கதவை ஒட்டி மட்டும் நிற்பது. கையில் தண்ணீர் பாட்டில், அரை நிமிடத்துக்கு ஒரு வாய். சட்டைப் பையில் பாதி மாத்திரை. காதில் கந்த சஷ்டி கவசம். வீட்டுக்கு போன் போட்டு இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவது. விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ‘இங்கே இறங்கிடலாமா’ என்று கணக்குப் போடுவது.

பயணம் நல்லபடியாக முடிந்தாலும் பெயர் பாட்டிலுக்குத்தான் போகிறது. பாட்டில் இல்லாமலும் நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாமல், ஒரு நோட்டில் உங்கள் ஊன்றுகோல்களை மட்டும் எழுதுங்கள். பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட நீளமாக வரும்.

மந்திரித்த கயிறும் தாயத்தும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டால்தான் கதவு மூட விடுவேன் என்ற நிலை வந்தால் அதுவும் பட்டியலில் ஒரு வரி. நிதானமாக மூச்சு விடும் பயிற்சிக்கும் இதே நியாயம். வீட்டில் காலையும் மாலையும் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்று செய்வது பொதுவான பதற்றத்துக்கு நல்லது. ரயிலுக்குள் பயத்தை விரட்டும் ஆயுதமாக அதைப் பிடித்துக்கொண்டால் அதுவும் பாட்டில்தான். பிளாஸ்டிக் பை, காகிதப் பைக்குள் மூச்சு விடும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் ஆபத்து.

ஏணி போடுவது: மெட்ரோவை எடுத்துக்கொள்வோம்

பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் முறையை ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். 0 என்றால் சாய்வு நாற்காலியில் காபி குடிக்கும் நிலை, 100 என்றால் இதுவரை பட்டதிலேயே மோசமான பயம். பத்துப் பன்னிரண்டு படிகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுங்கள். அல்சூர் பக்கம் இருப்பவர் ஒருவரின் ஏணி இப்படி அமையலாம்:

1. ஹலசூரு ஸ்டேஷன் வாசலில் 15 நிமிடம் நிற்பது – 20
2. டிக்கெட் எடுத்து மேலே போய், ஏறாமல் இரண்டு மூன்று ரயில்களை அனுப்பிவைப்பது – 30
3. ஞாயிறு காலை, துணையோடு டிரினிட்டி வரை ஒரு ஸ்டேஷன் – 40
4. அதே பயணம் தனியாக – 50
5. தனியாக எம்.ஜி. ரோடு வரை – 55
6. கப்பன் பார்க் வரை, துணை வேறு பெட்டியில் – 65
7. கப்பன் பார்க் வரை தனியாக – 70
8. மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சை லைனுக்கு மாறும் கூட்டத்தில் நடப்பது – 75
9. மெஜஸ்டிக்கிலிருந்து சிக்பேட், கே.ஆர். மார்க்கெட் வழியாக நேஷனல் காலேஜ் வரை – 80
10. வேலைநாள் மாலை ஆறரை மணிக்கு, பெட்டியின் நடுவில், கதவுக்குத் தூரமாக – 90
11. ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு, பாட்டிலும் இல்லாமல், போனை ஆஃப் செய்து அதே பயணம் – 95

ஆறாம் படியில் மார்க் மறுபடி பத்து ஏறுவதற்குக் காரணம் உண்டு. ஹலசூரு, டிரினிட்டி, எம்.ஜி. ரோடு மூன்றும் மேம்பாலத்தின் மேல் இருக்கும் ஸ்டேஷன்கள், வெளிச்சமும் தெருவும் கண்ணுக்குத் தெரியும். எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்குகிறது. அடுத்து வரும் கப்பன் பார்க் சுரங்க ஸ்டேஷன். மூடிய இடத்துக்குப் பயப்படுபவருக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். அதற்கு முன் இரண்டு மூன்று படி கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். ஓடாத ரயில் அறை ஒன்றும் கிடைக்காது என்பதால், முதலில் கப்பன் பார்க் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய்ப் படியிறங்கிக் கீழே பத்து நிமிடம் நிற்பது நல்ல இடைப்படி.

நடைமுறையில் ஒரு சிக்கல்: டிக்கெட் போட்டு உள்ளே போய் நெடுநேரம் நின்றுவிட்டு அதே ஸ்டேஷனில் வெளியே வந்தால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இரண்டாம் படியை நீட்ட வேண்டாம். ஒரு சுற்று முடித்து வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். ஸ்மார்ட் கார்டு இருந்தால் க்யூவில் நிற்கும் பதற்றம் வேறு தனியாகச் சேராது. க்யூவே பயம் என்றால் அதையும் ஒரு படியாக எழுதுங்கள்.

படி ஏறும்போது

மார்க் 30-40 உள்ள படியில் தொடங்குங்கள். 20-ல் தொடங்கினால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 90-ல் குதித்தால் பாதியில் ஓடி வருவீர்கள், பயம் இன்னும் கெட்டிப்படும். வாரத்துக்கு நான்கைந்து நாள், ஒரு நாளைக்கு 30 முதல் 60 நிமிடம் ஒதுக்குங்கள். வாரம் ஒரே ஒருமுறை, அதுவும் ஞாயிறு மட்டும் போய் வருபவர்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாளாகவே இருக்கும்.

போகும் முன் நோட்டில் எழுத வேண்டியது ஒரு கணிப்பு. ‘பயமா இருக்கும்’ என்பது கணிப்பு இல்லை, அது எப்படியும் இருக்கத்தான் செய்யும். ‘மயங்கி விழுவேன்’, ‘கத்திவிடுவேன், எல்லாரும் பார்ப்பார்கள்’, ‘கதவு திறக்காது, மூச்சு நின்றுவிடும்’ என்று, நடந்ததா இல்லையா என்று பிறகு சரிபார்க்கக்கூடிய மாதிரி எழுதுங்கள். அது நடக்கும் என்று எவ்வளவு நிச்சயமாக நினைக்கிறீர்கள் என்பதையும் 100-க்கு எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

ஞாயிறு, காலை 8.30. படி 5, தனியாக எம்.ஜி. ரோடு.
கணிப்பு: டிரினிட்டி தாண்டியதும் மயங்கி விழுவேன். நிச்சயம்: 70.
மார்க்: ஏறும்போது 60, உச்சம் 80, இறங்கும்போது 45.
நடந்தது: விழவில்லை. கால் நடுங்கியது, உள்ளங்கை ஈரம். உச்சம் வந்தது ரயில் ஓடும்போது இல்லை, கதவு மூடும் மணி அடித்தபோது.
ஊன்றுகோல்: பாட்டில் கையில் இருந்தது. குடிக்கவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தேன்.
இப்போது நிச்சயம்: 40. அடுத்து: பாட்டில் வீட்டில்.

இதில் முக்கியமான வரி மார்க் இல்லை, நிச்சயம் 70-லிருந்து 40-க்கு இறங்கியது. மார்க் அதே நாளில் இறங்காமல் போகலாம், அடுத்த நாள் ஏறியும் வரலாம். கணிப்பு பொய்த்தது எழுத்தில் இருந்தால் போதும். மயங்கி விழுவேன் என்ற பயத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக்கில் அது ஏறத்தான் செய்யும். தலை கிறுகிறுப்பது வேகமாக மூச்சு இழுப்பதால் கரியமில வாயு குறைவதன் விளைவு. விரல் மரத்துப்போவதும் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதும் அதே காரணத்தால்தான்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடாதீர்கள். அதுவரை கற்றதை அந்த ஓட்டம் அழித்துவிடும். முடியவே இல்லை என்று இறங்கிவிட்டால் வீட்டுக்குப் போகாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அடுத்த ரயிலோ அதற்கடுத்ததோ, மறுபடி ஏறுங்கள். ரயிலுக்குள் கவனத்தைத் திருப்பப் போன் பார்ப்பது, எண்களைத் தலைகீழாக எண்ணுவது வேண்டாம். என்ன வருகிறதோ வரட்டும் என்று உடம்பைக் கவனித்து நில்லுங்கள். ‘படபடப்பு இருக்கு, இருக்கட்டும்’ என்பதுதான் அங்கே தேவையான முழு வசனம்.

ஒரு படியில் கணிப்பின் நிச்சயம் 20-க்குக் கீழே போனதும் அடுத்த படி. ஒரே பெட்டி, ஒரே நேரம், ஒரே துணை என்று பழகினால் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் பயம் போகும். ஆகவே நேரம், பெட்டி, நிற்கும் இடம், தனியா துணையா என்று மாற்றிக்கொண்டே இருங்கள். வரிசைப்படி ஏறிய பிறகு சீட்டுக் குலுக்கி வந்த படியைச் செய்வதும் நல்ல வழி, வாழ்க்கையில் பயம் வரிசையாக வருவதில்லையே.

உடம்பின் சத்தத்துக்குப் பழகுவது

பேனிக் உள்ளவர்களுக்கு ரயில் ஏணி மட்டும் போதாது. பயம் படபடப்பின் மேல் என்றால் படபடப்பையே வீட்டில் வரவழைத்துப் பழக வேண்டும். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் பேனிக் சிகிச்சையில் அதிகம் பலன் தரும் பகுதி இது.

வேகமாக, ஆழமாக ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள், கிறுகிறுப்பு வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் மூச்சு விட்டால் மூச்சு முட்டும். ஆபீஸ் சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றினால் தலை சுற்றும். மாடிப்படியில் ஒரு நிமிடம் ஏறி இறங்கினால் நெஞ்சு அடிக்கும். எது உங்கள் பேனிக் மாதிரியே இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, உடம்பு அடங்கியபின் மறுபடி என்று ஒரு உட்காருதலில் மூன்று முதல் ஐந்து தடவை செய்யுங்கள். தினமும் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அதே கிறுகிறுப்பு வெறும் கிறுகிறுப்பாக மட்டும் தெரியும். அதன்பின் அதை ஸ்டேஷன் வாசலில் செய்து பார்க்கலாம். முன்னே சொன்ன உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் இந்தப் பகுதியை மருத்துவர் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

காபி பற்றி ஒரு வார்த்தை. காலையில் இரண்டு டம்ளர் கெட்டி டிகாக்ஷன் குடித்துவிட்டு ‘காரணமே இல்லாமல் படபடக்குது’ என்பவர்கள் நம்மில் அதிகம். ஆரம்பத்தில் குறைத்துப் பாருங்கள். ஆனால் காபியையே கண்டு ஓடும் நிலைக்குப் போகாதீர்கள். அதனால்தான் மேலே பதினோராம் படியில் காபி இருக்கிறது.

ஊசியும் ரத்தமும்: இங்கே விதி தலைகீழ்

பேனிக்கில் ரத்த அழுத்தம் ஏறுவதால் பொதுவாக யாரும் மயங்குவதில்லை. இந்தப் பயத்தில் நிஜமாகவே மயங்குவார்கள். ஊசியைப் பார்த்ததும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவார். இவரிடம் ‘ரிலாக்ஸா இருங்க, உடம்பைத் தளர்த்துங்க’ என்பது தவறான யோசனை, தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும்.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980-களில் வகுத்த முறை இது. உட்கார்ந்து, இரு கைகள், தொடைகள், வயிறு, மார்பு எல்லாத் தசைகளையும் சேர்த்து இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு விட்டுவிடுங்கள், ஆனால் தொய்ந்து போகாமல் சாதாரண நிலைக்கு மட்டும் வாருங்கள். 20 முதல் 30 விநாடி இடைவெளி. இப்படி ஐந்து முறை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். தலை வலித்தால் அவ்வளவு முறுக்க வேண்டாம்.

அது கைவந்த பிறகு ஏணி: ஊசியின் படம், யாருக்கோ ஊசி போடும் வீடியோ, மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, லேபில் வெறுமனே போய் உட்காருவது, கடைசியில் ரத்தம் கொடுப்பது. ஒவ்வொரு படியிலும் கண் இருட்டும் முதல் அறிகுறிக்கே இறுக்கத் தொடங்குங்கள். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விட்டு, மற்ற கையையும் கால்களையும் இறுக்கலாம். லேபில் ‘எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். இதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நாய், லிஃப்ட்

நாய்ப் பயத்துக்குத் தெருநாயை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். ரேபிஸ் விளையாட்டு இல்லை. தடுப்பூசி போட்ட, சாதுவான, தெரிந்தவர் வீட்டு நாய் ஒன்றைப் பிடியுங்கள். சங்கிலியோடு பத்தடி தூரம், ஐந்தடி, பக்கத்து நாற்காலி, முதுகைத் தடவுவது, சங்கிலியை நீங்களே பிடிப்பது. நிபுணர் உடன் இருந்தால் இந்த வகைப் பயத்தை மூன்று மணி நேரம்வரை நீளும் ஒரே அமர்விலேயே பெருமளவு இறக்க முடியும், அந்த முறையையும் வகுத்தவர் ஊஸ்ட்தான். தெருநாயிடம் எதிர்பார்க்க வேண்டியது ஓடாமல், முறைக்காமல், நிதானமாகக் கடந்து போகும் அளவு மட்டுமே. கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி.

லிஃப்ட்டுக்கு ஏணி எளிது: திறந்த கதவோடு உள்ளே நிற்பது, ஒரு மாடி, இரண்டு மாடி, தனியாக, இருட்டிய பிறகு. காற்று தீர்ந்துவிடும் என்ற பயம் உள்ளவர்களுக்கு: லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா இல்லை, அதில் காற்றோட்டத் துவாரங்கள் உண்டு. பல அபார்ட்மென்ட்களில் கரண்ட் போனால் அருகிலிருக்கும் மாடியில் நிறுத்திக் கதவைத் திறக்கும் மீட்புக் கருவியும் இருக்கும், உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா என்று அசோசியேஷனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கேட்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

‘ஏறிட்டீங்களா? ஒண்ணும் இல்லையே? வேணும்னா இறங்கிடுங்க, நான் கேப் புக் பண்றேன்.’ அன்பில் சொல்வதுதான், ஆனால் இந்தப் போன் வந்துகொண்டிருக்கும்வரை பயம் போகாது. வீட்டுக்காரரோ, மகளோ, அம்மாவோ கேட்க வேண்டியது, அதுவும் பயணம் முடிந்த பிறகு: ‘எத்தனை மார்க்? என்ன ஆகும்னு எழுதியிருந்தீங்க? ஆச்சா?’ அவ்வளவுதான். ‘இவ்வளவு படிச்சிட்டு இதுக்கெல்லாமா பயம்’ என்ற பேச்சும் வேண்டாம், மாமியார் வீட்டுக் கூட்டத்தில் இதை விஷயமாக்கவும் வேண்டாம். இதுவரை அவருக்காக நீங்கள் செய்து கொடுத்தவற்றை, கூடப் போவது, கேப் பிடிப்பது, முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாமல், ஏணியோடு சேர்த்து ஒவ்வொன்றாக அவரே சொல்லும் நாளில் நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு என்றால் ஏறியதற்குப் பரிசு கொடுங்கள், அழாததற்குக் கொடுக்காதீர்கள்.

மாத்திரையும் மருத்துவரும்

ஒற்றைப் பொருள் ஃபோபியாவுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. பேனிக், ஓயாத கவலை, கூட்டப் பயம் ஆகியவற்றுக்கு எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை மனநல மருத்துவர் எழுதுவார். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம், அதோடு பயந்து நிறுத்துகிறவர்கள்தான் ‘மருந்து எனக்கு ஒத்துக்கலை’ என்று சொல்பவர்களில் பலர். சரியாகிவிட்டது என்று நீங்களாகவே சட்டென்று நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல் வரும். மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசிபாம் வேறு கதை. அரை மணி நேரத்தில் அமைதி தருவதால் பைக்குள் குடியேறிவிடும். தினமும் எடுத்தால் பழக்கமாகும். பயிற்சிக்கு முன் போட்டுக்கொண்டால் ரயிலில் நீங்கள் கற்றது மாத்திரையின் கணக்கில் போகும். சீட்டு இல்லாமல் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவர் கொடுக்கக் கூடாத மருந்து அது. ஏற்கெனவே பல மாதமாக எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகலாம், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். மேடை நடுக்கத்துக்குச் சிலர் போடும் ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

யாரிடம் போவது? ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு அலைய வேண்டியதில்லை. காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்யுங்கள், அரை நாள் ஆகும் என்று எண்ணிக்கொண்டு போங்கள், தமிழில் பேசினால்தான் வசதி என்று பதிவின்போதே சொல்லுங்கள். பயத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அரைகுறையாகச் சொல்வதைவிட அது மேல். பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நலவாழ்வு மையமும் உண்டு. ‘நிம்ஹான்ஸ் போனான்’ என்ற பேச்சுக்கு அஞ்சுபவர்கள் அங்கே போகலாம். சிவாஜிநகரில் பௌரிங், கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

தனியார் சைக்காலஜிஸ்ட் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன? எக்ஸ்போஷர் செய்வீர்களா, தேவைப்பட்டால் என்னோடு மெட்ரோவுக்கு வருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், மாதக்கணக்கில் சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க நேரிடும். செலவைப் பொறுத்தவரை, 2017 மனநலச் சட்டம் உடல் நோய்க்குச் சமமாக இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் பல பாலிசிகளில் வெளிநோயாளி ஆலோசனைக் கட்டணமே சேராது, ஆகவே பாலிசியைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நின்றுபோனால், திரும்பி வந்தால்

நான்கு வாரமாக ஒரே படியில் மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் நோட்டில் ஊன்றுகோல் வரியைப் பாருங்கள். எழுதாமல் விட்ட ஒன்று இருக்கும். பெரும்பாலும் மனசுக்குள் நடக்கும் ஒன்று: ‘இன்னும் ரெண்டு ஸ்டேஷன், ரெண்டே ஸ்டேஷன்’ என்று எண்ணிக்கொண்டே வருவது, பக்கத்தில் டாக்டர் மாதிரி யாராவது நிற்கிறாரா என்று தேடுவது. அதுவும் இல்லை என்றால் கணிப்பு தவறாக எழுதப்பட்டிருக்கும். மயக்கம் என்று எழுதியிருப்பீர்கள், உண்மையான பயம் மயங்கினால் யாரும் தூக்கமாட்டார்கள் என்பதாக இருக்கும். இரண்டு மாதம் முறையாகச் செய்தும் அசையவில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம், நோட்டை எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போங்கள். அந்த நோட்டே அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் பயம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். காய்ச்சல், தூக்கமின்மை, வேலை மாற்றம், ரயில் சுரங்கத்துக்குள் இரண்டு நிமிடம் நின்ற செய்தி எதுவானாலும் சரி. எல்லாம் வீணானது என்று பொருளில்லை. விட்ட படிக்கு இரண்டு படி கீழே போய் அதே வாரத்தில் மேலே வாருங்கள், முதல் தடவையைவிட மிக வேகமாக ஏறுவீர்கள். எல்லாப் படியும் முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை, தேவை இல்லாவிட்டாலும், மாலை ஆறரை மணி மெஜஸ்டிக் கூட்டத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள்.